சேனையாக இருந்த ஊர்

கொழும்பு என்றதும் எங்கள் பெண்களில் பலருக்கு நினைவுக்கு வருவது கடற்கரையோ கடைத்தெருவோ அல்ல. கையில் இறுக்கிப் பிடித்த ஒரு கடதாசிக் கட்டுத்தான். பாஸ்போட் எடுக்க, பெரியாஸ்பத்திரியில் காட்ட, தடுப்பில் இருந்தவரைப் பார்க்க, காணாமல் போனவரைப் பற்றி விசாரிக்க என்று வருவோம். விடியப்புறம் பஸ்ஸால் இறங்குவோம். வந்த அலுவல் முடிந்தாலும் முடியாவிட்டாலும் இரவு பஸ் ஏறிவிடுவோம். இந்த நகரத்தை ஓர் ஊராக நினைத்துப் பார்க்க எங்களுக்கு எங்கே நேரம்?

சென்ற மாசி மாதம் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வெள்ளவத்தையில் உள்ள என் வீட்டில் வந்து தங்கினார். 2010ஆம் ஆண்டு செட்டிகுளத்தில் நான் தையல் பழக்கப் போனபோது அறிமுகமானவர். அவருடைய மூத்த மகன் 2009 வைகாசிக்குப் பிறகு வீடு வரவில்லை. மகனின் படம், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, இதுவரை எழுதிக் கொடுத்த கடிதங்களின் பிரதிகள் எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, அதைத் துணிப்பை ஒன்றுக்குள் வைத்திருப்பார். நித்திரை கொள்ளும்போதும் அது தலைமாட்டில் இருக்கும்.

திங்கட்கிழமை அவரை ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உரிய அதிகாரி இல்லை, புதன்கிழமை வாருங்கள் என்றார்கள். இடையில் ஒரு செவ்வாய்க்கிழமை கிடைத்தது.

"அக்கா, நாளைக்குக் கொட்டாஞ்சேனை பாக்கப் போவமோ?" என்று கேட்டேன்.

"அங்கை என்ன கிடக்குப் பிள்ளை பாக்க? லொட்ஜ்தானே?" என்றார்.

அவர் சொன்னதிலும் பிழை இல்லை. தொண்ணூறுகளில் கொட்டாஞ்சேனை என்றால் எங்களுக்கு லொட்ஜ்தான். நானே 1997 முதல் மூன்று வருடம் அங்கே ஓர் அறையில் அம்மாவோடும் மகளோடும் இருந்தவள். அப்போது அந்த ஊரை நான் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. தெரிந்ததெல்லாம் பொலிஸ் பதிவுத் துண்டு, கொமினிகேசன் கடை, தண்ணீர் வரும் நேரம், இவை மட்டுமே. பிறகு வெள்ளவத்தைக்கு மாறி, மகளும் கலியாணம் கட்டிப் போன பிறகுதான் ஒரு ஆவல் வந்தது. அதற்குக் காரணம் இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கை.

அவள் இருப்பது ஒரு பழைய கிராமத்துக்குப் பக்கத்தில். அந்தக் கிராமத்துச் சனம் தங்கள் ஊர்க் கதையைப் புத்தகமாகவே எழுதி வைத்திருக்கிறார்களாம். எந்தக் கிணறு யார் வெட்டியது, எந்த நாளில் எந்தக் கொண்டாட்டம் என்றெல்லாம் அதில் இருக்கிறதாம். இங்கிலாந்தில் 1538ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு பங்குக் கோயிலும் ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் பதிய வேண்டும் என்று கட்டளை இருந்தது. அதனால் நானூறு வருடத்துக்கு முந்திய ஒரு ஏழை வீட்டுப் பிள்ளையின் பெயரையும் அங்கே தேடி எடுக்கலாம். "எங்கட ஊருக்கு அப்பிடி ஒண்டும் இல்லையே அக்கா" என்று அவள் தொலைபேசியில் சொன்னது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. எங்கள் பிறந்த ஊரின் விதானையார் பதிவுகளும் கோயில் ஏடுகளும் எந்த இடப்பெயர்வில் எங்கே போயின என்று யாருக்குத் தெரியும்? அது கைக்கெட்டாது. நான் சீவித்த இந்த ஊரையாவது அறிவோமே என்று அன்றிலிருந்து கொட்டாஞ்சேனையைப் பற்றி வாசிக்கவும் விசாரிக்கவும் தொடங்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை காலி வீதியில் பஸ் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கினோம். வரும் வழியில் அக்கா, "வெள்ளவத்தை எண்டால் வெள்ளையான வத்தையோ?" என்று கேட்டார். இல்லை. சிங்களத்தில் 'வெல்ல' என்றால் மணல், 'வத்த' என்றால் தோட்டம். கடற்கரை மணல் தோட்டம் அது. இன்று மாடி வீடுகளுக்கு நடுவில் மணலையும் காணோம், தோட்டத்தையும் காணோம். ஆனால் பெயர் மட்டும் நிற்கிறது.

"அப்ப கொட்டாஞ்சேனை?"

சிங்களத்தில் அதைக் 'கொட்டஹேன' என்பார்கள். 'ஹேன' என்பதும் எங்கள் 'சேனை' என்பதும் ஒன்றுதான். முன்பாதிப் பெயருக்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள், அதை விடுவோம். சேனை என்றதும் அக்காவின் முகம் மாறிவிட்டது. "காடு வெட்டி எரிச்சு, மழைக்குக் குரக்கனும் பயறும் போடுறதே? எங்கட ஐயா செய்தவர்" என்றார். கொழும்புக்குள் ஒரு சேனைக்காடு இருந்திருக்கிறது என்பதை அவர் அந்த நாள் முழுக்க எனக்கு நினைவூட்டிக்கொண்டே வந்தார். ஒரு மரத்தைக் கண்டால், "இது அந்தக் காட்டிலை மிஞ்சினதோ?" என்று கேட்பார்.

முதலில் செட்டியார் தெரு. இருபுறமும் நகைக்கடைகள். இந்தத் தெருவுக்கு நான் முதன்முதல் வந்தது நகை வாங்க அல்ல, காப்பு இரண்டை விற்க. எங்களில் எத்தனை பேரின் தாலிக்கொடியும் சங்கிலியும் இந்தத் தெருவில் உருகிப் பிள்ளைகளின் விமானச் சீட்டாக மாறியிருக்கும்! அதை நினைக்காமல் இந்தத் தெருவால் நடக்க என்னால் முடிவதில்லை.

இந்தத் தெருவில்தான் பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் இருக்கின்றன. கொழும்பின் ஆடிவேல் விழா தொடங்கிய இடம் இது. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் இந்தியாவிலிருந்து வந்து வட்டிக்கடையும் அரிசி வியாபாரமும் நடத்திய காலம். ஆடியில் கதிர்காமத்துக்குப் போவது அவர்கள் வழக்கம். 1870களில் கொலரா பரவும் பயத்தால் பிரித்தானிய அரசாங்கம் கதிர்காம யாத்திரைக்குக் கட்டுப்பாடு போட்டது. போக முடியாதவர்கள் என்ன செய்வது? கதிர்காமக் கந்தனுக்குச் செய்ய வேண்டியதைக் கொழும்புத் தெருவிலேயே செய்தார்கள். 1874இல் தொடங்கியது என்பார்கள். வேலை வெள்ளி ரதத்தில் ஏற்றி, செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோய், சில நாள் அங்கே வைத்துத் திரும்பக் கொண்டுவருவார்கள். அந்த நாட்களில் காலி வீதி முழுக்கக் கரும்பும் இனிப்பும் பொம்மையுமாக இருக்குமாம். சிங்களச் சனமும் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து பார்ப்பார்களாம். 1983 ஆடிக் கலவரத்தின் பின் சில வருடங்கள் அந்தத் தேர் ஓடவில்லை. பிறகு மீண்டும் ஓடத் தொடங்கியது.

"போக விடாட்டி இஞ்சையே செய்யிறது. நாங்களும் அப்பிடித்தானே செய்தனாங்கள்" என்றார் அக்கா. வற்றாப்பளை அம்மன் பொங்கலை நினைத்துத்தான் அப்படிச் சொன்னார். முகாமில் இருந்த 2009ஆம் ஆண்டில் வைகாசி விசாகத்தன்று கூடாரத்துக்கு வெளியே மூன்று கல் வைத்து, பால் இல்லாமல், கொடுத்த அரிசியில் ஒரு பிடி போட்டுப் பொங்கினாராம். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் அதை எனக்குச் சொன்னது அன்றுதான்.

செட்டியார் தெருவிலிருந்து கிழக்கே ஏற்றத்தில் போனால் வூல்பெண்டால் தேவாலயம். ஒல்லாந்தர் 1749இல் அத்திவாரம் போட்டு 1757இல் வழிபாட்டுக்குத் திறந்தது. சுவர் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து அடி தடிப்பு. மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம். வூல்பெண்டால் என்றால் அவர்கள் பாஷையில் 'ஓநாய்ப் பள்ளத்தாக்கு'. இலங்கையில் ஏது ஓநாய்? கோட்டைக்கு வெளியே பற்றைக்காட்டில் திரிந்த நரிகளைத்தான் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் ஓநாய் என்று நினைத்திருக்கிறார்கள். ஊளை கேட்டுப் பயந்தவனுக்கு நரியும் ஓநாய்தான், அவர்களைக் குறைசொல்ல முடியாது. நாங்களும் புது இடத்தில் முதல் இரவு இப்படித்தானே படுத்தோம்.

உள்ளே தரையில் பெரிய கல்லறைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயம் பாழடைந்த பிறகு, 1813இல் அங்கே புதைத்திருந்த ஒல்லாந்த ஆளுநர்களின் எச்சங்களை இங்கே கொண்டுவந்தார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கற்களை மிதிக்காமல் ஓரமாக நடந்தார். ஒவ்வொரு கல்லிலும் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கிறது. அவருக்கு அந்த எழுத்து விளங்காது, எனக்கும் முழுக்க விளங்காது. ஆனால் ஆண்டு விளங்கும். விரலால் தடவித் தடவி ஆண்டுகளை வாசித்தார்.

ஒல்லாந்தர் பொல்லாத கணக்குப்பிள்ளைகள். 'தோம்பு' என்ற ஏட்டை எங்கள் யாழ்ப்பாணத்து முதியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். காணியின் அளவு, அதில் நிற்கும் தென்னை, பலா எத்தனை, அந்தக் குடும்பத்தில் யார் யார் என்று வீடு வீடாகப் பதிந்து வைத்தார்கள். வரி வாங்கவும் வேலை வாங்கவும் செய்ததுதான், சனத்தின் மேல் அன்பு கொண்டு அல்ல. ஆனாலும் அந்தத் தோம்புகளில் மிஞ்சியவை இன்று கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஒரு குடியானவனின் பெயரையும் அவன் பிள்ளைகளின் பெயரையும் அங்கே காணலாம். இதை நான் சொன்னபோது அக்கா தன் துணிப்பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "அப்ப அந்த நாளையில ஆக்களை எண்ணித்தான் வைச்சிருந்திருக்கினம்" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

அங்கிருந்து இறங்கிக் கொச்சிக்கடைப் பக்கம் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். கருங்கல்லால் ஆன கோயில். வெளியே லொறியும் மூட்டையும் கூச்சலும். உள்ளே காலடி வைத்தால் கல்லின் குளிர்ச்சி. பொன்னம்பல முதலியார் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலை, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரையில் முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். இராமநாதனின் அரசியல் பற்றி எனக்கு எல்லாம் உடன்பாடில்லை. பெண்களுக்கும் எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை கொடுப்பதை எதிர்த்தவர் அவர். ஆனால் பெண்பிள்ளைகள் படிக்க மருதனார்மடத்தில் 1913இல் கல்லூரி கட்டியவரும் அவரே. தூணைத் தொட்டுப் பார்த்தபோது கட்டியவர் வாக்கைவிடக் கல்லுச் செதுக்கியவர்களின் கைதான் எனக்கு நினைவில் நின்றது. அம்மா இருந்த காலத்தில் சிவராத்திரிக்கு இங்கேதான் கண்விழிப்போம். லொட்ஜ் அறையில் மூன்று பேர் ஒரு பாயில் கிடப்பதைவிட அந்த ஓர் இரவு கல்தரையில் இருப்பது எங்களுக்குச் சுகமாக இருந்தது.

மத்தியானம் ஒரு சைவக்கடையில் சாப்பிட்டோம். அக்கா காசு கொடுக்கப் போய்ச் சண்டை பிடித்தார். அது வேறு கதை.

பிறகு ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைச் சந்திக்கு. நான் இருந்த லொட்ஜ் இப்போது இல்லை, அந்த இடத்தில் வேறு கட்டடம் நிற்கிறது. வாசலில் நின்று மேலே பார்த்தேன். இரண்டாம் மாடி யன்னல் இருந்த உயரத்தில் இப்போது ஒரு விளம்பரப் பலகை. அந்த அறையில் சமைக்கத் தடை. அம்மா கேத்தில் தண்ணீரில் முட்டை அவிப்பா. எங்கள் பக்கத்து அறையில் கனடாவுக்குப் போகக் காத்திருந்த பிள்ளை ஒவ்வொரு நாளும் கூறைச்சேலையை எடுத்து உதறி மடித்து வைப்பாள், மடிப்பில் கிழிந்துவிடும் என்று. போய்ச் சேர்ந்தாளோ தெரியாது.

நாங்கள் 2000ஆம் ஆண்டில் வெளிக்கிட்டுவிட்டோம். 2007 ஆனி 7ஆம் திகதி விடியற்காலை நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டை லொட்ஜ்களில் இருந்த தமிழர்களைப் பொலிசார் எழுப்பி பஸ்களில் ஏற்றி வவுனியா பக்கம் அனுப்பினார்கள். மொத்தம் 376 பேர், அதில் 85 பேர் பெண்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தும்படி இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் அப்போதைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க அரசாங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். கொழும்பில் இருக்கக் காரணம் இல்லாதவர்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. இந்த ஊரின் கதை தெரிந்தவர் யாராவது அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பாரா என்று நான் யோசிப்பதுண்டு. கொச்சியிலிருந்து வந்தவர், செட்டிநாட்டிலிருந்து வந்தவர், ஒல்லாந்திலிருந்து வந்தவர், தூத்துக்குடியிலிருந்து வந்தவர் என்று வந்தவர்களை எல்லாம் கழித்துவிட்டால் இங்கே மிஞ்சுவது நரியும் சேனையும்தான்.

புனித லூசியா பேராலயத்தின் குவிமாடம் தூரத்திலேயே தெரியும். கொழும்பு உயர் மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில். கிட்டடியில் நல்லாயன் கன்னியர் மடம். வெளிநாட்டுக் கன்னியர்கள் 1869இல் வந்து பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிய இடம். என் மகள் அந்த மதிலைக் கடந்து வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போவாள். இடையிடையே நின்று, உள்ளே பிள்ளைகள் நெட்போல் விளையாடும் சத்தத்தைக் கேட்பாள்.

இந்தப் பேராலயத்திலிருந்து அதிக தூரம் இல்லை தீபதுத்தாராம விகாரை. சிங்களத்தில் பேர்போன வாதப்பேச்சாளர் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் இருந்த விகாரை. 1883ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று இந்த விகாரைக்கு வந்த பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையில் கைகலப்பு மூண்டு கலவரமாகியது. இலங்கையில் பிரித்தானியர் காலத்தில் நடந்த முதல் பெரிய மதக் கலவரங்களில் ஒன்று அது. அதன் பிறகு கேணல் ஒல்கொட் லண்டனுக்குப் போய் முறையிட்டார். 1885இல் வெசாக் விடுமுறை நாளாகியது. அந்த வருடம் சித்திரை 28ஆம் திகதி, இன்று உலகெங்கும் பறக்கும் ஐந்து வர்ணப் பௌத்த கொடி முதன்முதலாகப் பொதுவில் ஏற்றப்பட்டது இதே விகாரையில்தான். வெசாக்குக்குக் கொட்டாஞ்சேனையில் வெளிச்சக்கூடு கட்டுவார்கள், தன்சலில் சாப்பாடு கொடுப்பார்கள். எங்கள் மகளுக்கு அந்த ஐஸ்கிறீம் தன்சல் என்றால் உயிர். வரிசையில் நிற்க எனக்குத்தான் பயம். அவளுக்குப் பயமில்லை.

"ஈஸ்டரிலையோ?" என்று அக்கா திருப்பிக் கேட்டார். "அண்டைக்கும் ஈஸ்டர், பிறகும் ஈஸ்டர்."

ஓம். நாங்கள் அப்போது ஜம்பட்டா வீதியால் இறங்கி, 2019 ஈஸ்டரில் குண்டு வெடித்த அந்தக் கோயிலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் கதையைச் சொல்லாமல் கொட்டாஞ்சேனையைப் பற்றி எழுத முடியாது. ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை. குருமார் ஒளித்துத் திரிந்தார்கள். 2015இல் புனிதராக்கப்பட்ட யோசேப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் ஊர் ஊராகப் போனவர். அப்படித்தான் கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குருவானவரும் வியாபாரி வேடத்தில் இங்கே இருந்தாராம். ஒல்லாந்தர் அவரைத் தேடிப் பிடிக்க வந்தபோது, கரையில் இருந்த மீனவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, கடல் எங்கள் குடிசைகளை அரித்துக்கொண்டு வருகிறது, அதை நிறுத்தித் தாருங்கள் என்று கேட்டார்களாம். அவர் கரையில் ஒரு சிலுவையை நட்டு மூன்று நாள் செபித்தார். மூன்றாம் நாள் கடல் பின்வாங்கி மணல் திட்டு எழுந்தது என்பது ஊர் நம்பிக்கை. அதைக் கண்ட ஒல்லாந்தர் அவரை அங்கேயே இருக்க விட்டார்கள். அவர் மண்ணால் ஒரு சிறு கோயில் கட்டிப் பதுவை அந்தோனியாருக்கு ஒப்புக்கொடுத்தார். அவரை அடக்கம் செய்ததும் அந்தக் கோயிலிலேயே. இப்போதைய பெரிய கோயில் பிற்காலத்தில் கட்டப்பட்டது. கொச்சி வியாபாரிகள் கடை வைத்திருந்த இடம் என்பதால் கொச்சிக்கடை. இன்று கோயில் வாசலில் நின்றால் கடல் தெரியாது. துறைமுகம் மறைத்துவிட்டது. காற்றில் மட்டும் உப்பு வரும்.

இந்தக் கதையைக் கேட்டதும் அக்கா நின்றுவிட்டார். "எங்கட அம்மாளுக்குக் கடல் தண்ணியிலை விளக்கெரியும், தெரியுமே? பொங்கலுக்கு முன்னம் முல்லைத்தீவுக் கடலிலை போய்த் தண்ணி அள்ளி வருவினம். எண்ணெய் இல்லை, அந்தத் தண்ணிதான்." தெரியும் என்றேன். "அப்ப இவரும் கடலோடை கதைச்சவர்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்குரிய நாள். ஆனி 13ஆம் திகதி திருவிழா. அன்று சுருவம் வீதியுலா வரும், தெரு முழுக்கச் சோடனை. ஆனால் வருடத்தின் எந்தச் செவ்வாயும் இங்கே சின்னத் திருவிழாதான். கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவர், பௌத்தர், முஸ்லிம் பெண்களும் வருவார்கள். அந்தோனியார் தொலைந்ததைத் தேடித் தருபவர் என்று நம்பிக்கை. லொட்ஜில் இருந்த காலத்தில் பொட்டும் திருநீறுமாக என் அம்மா ஒவ்வொரு செவ்வாயும் இங்கே வந்து மெழுகுதிரி கொளுத்தியவ. இடம்பெயர்ந்து வரும் வழியில் பிரிந்த தம்பிக்காக. தம்பி கிடைத்தான், இரண்டு வருடம் கழித்து, திருச்சியில் ஒரு முகாமில் இருந்து கடிதம் வந்தது. அம்மா அதை அந்தோனியாரின் கணக்கில்தான் எழுதினா. நான் விவாதிக்கவில்லை.

2019 சித்திரை 21ஆம் திகதி காலை வழிபாட்டு நேரத்தில் இந்தக் கோயிலுக்குள் குண்டு வெடித்தது. அன்று மூன்று தேவாலயங்களிலும் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் நடந்த தாக்குதல்களில் 250 பேருக்கு மேல் இறந்தார்கள். கொச்சிக்கடையில் இறந்தவர்களில் இந்தத் தெருக்களின் தமிழ்க் குடும்பங்கள் பல. கோயில் இரண்டு மாதத்துக்குள் திருத்தித் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து வாசலில் சோதனை உண்டு.

சோதனை வரிசையில் அக்கா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவருக்குச் சோதனைச்சாவடி என்றால் என்ன நினைவு வரும் என்று எனக்குத் தெரியும். "நான் வெளியிலை நிக்கிறன், நீர் போட்டு வாரும்" என்றார். அப்போது எங்களுக்கு முன்னால் நின்ற சிங்களத் தாய் ஒருவர் தன் கைப்பையை விரித்துக் காட்டிவிட்டு, அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார், பயப்பட ஒன்றுமில்லை என்பதுபோல. அக்கா பையைத் திறந்தார். பொலித்தீனுக்குள் மேலே கிடந்தது மகனின் படம். காவலுக்கு நின்ற பெடியன் அதைப் பார்த்தான், மூடச் சொல்லிக் கையைக் காட்டினான். அவ்வளவுதான்.

உள்ளே கூட்டம். அந்தோனியாரின் திருப்பண்டம் வைத்த கண்ணாடிப் பேழையைச் சனம் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறது. அக்கா நெடுநேரம் ஒன்றும் செய்யாமல் நின்றார். பிறகு என் காதோடு, "இவருக்குத் தமிழிலை எழுதிக் குடுக்கலாமோ?" என்று கேட்டார். இங்கே பூசையே தமிழிலும் நடக்கிறது அக்கா என்றேன். ஒரு துண்டுக் கடதாசியும் பேனையும் கொடுத்தேன். அவருக்கு எழுத வரும், ஆனால் கை நடுங்கியது. மகனின் முழுப்பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், கடைசியாகக் கண்ட இடம். அலுவலகப் படிவத்தில் கேட்பது எல்லாவற்றையும் அதே ஒழுங்கில் எழுதினார். பதினைந்து வருடப் பழக்கம். அந்தோனியாருக்கு அடையாள அட்டை இலக்கம் தேவையில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

அந்தச் சிங்களத் தாயும் பக்கத்தில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நின்றார். படத்தைக் காட்டி, "புத்தாத?" என்றார். மகனா என்று கேட்கிறார் என்று சொன்னேன். "ஓம், மூத்தவன்" என்றார் அக்கா தமிழிலேயே. அவர் தன் மெழுகுதிரியைச் சரித்து நெருப்புக் கொடுத்தார். தான் யாருக்காக வந்தார் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

புதன்கிழமை அலுவலகத்தில் அதிகாரி இருந்தார். பிரதிகளை வாங்கிக்கொண்டு ஒரு இலக்கம் எழுதிய துண்டைத் தந்தார். முந்தித் தந்த துண்டுகள் மூன்று அக்காவிடம் ஏற்கெனவே இருந்தன, இது நாலாவது. அன்றிரவு அவரைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

பங்குனி முடியும் நேரம் ஒரு நாள் கூப்பிட்டார். மழை நன்றாம், பயறு பிடுங்கி முடிந்ததாம். மகளுக்குக் கொட்டாஞ்சேனையைப் பற்றிச் சொன்னாராம். அது எங்கட காடு மாதிரி இருந்த இடம் என்றால் பிள்ளை நம்பவில்லையாம். பிறகு வைகாசிப் பொங்கலுக்குக் கட்டாயம் வரவேண்டும் என்றார்.

"வரேக்கை அந்தோனியார் கோயிலடியிலை ரெண்டு மெழுகுதிரி வாங்கிக்கொண்டு வாரும் பிள்ளை. பெரிசா வேண்டாம், பஸ்ஸிலை முறிஞ்சு போகும்."